எந்தப் பக்கம் திருகுவது

அந்த வீதியில் எல்லோரும் அவரை ஃபிரேம்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார், அதனால் அந்தப் பெயர் என்று வாடிக்கையாளர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். சைக்கிள் பைத்தியங்களின் வாட்ஸ்அப் குழுவிலும் அவருக்கு அதே பெயர்தான், ஆனால் அங்கே காரணம் வேறு. பழைய எஃகுப் பந்தய சைக்கிள் எதன் படத்தைப் போட்டாலும் ஃபிரேமின் மூட்டுகளைப் பார்த்தே அது எந்தக் காலத்தது என்று சொல்லிவிடுவார். கேட்காவிட்டாலும் சொல்வார்.

சும்மா இருக்கத் தெரியாத மனிதர். வந்தவரைச் சுவரில் இருக்கும் எழுத்துகளை வாசிக்கச் சொல்லிவிட்டு, மேசைக்குக் கீழே குழுவுக்குப் பதில் தட்டிக்கொண்டிருப்பார். கடைசி வரியைத் தப்புத்தப்பாக வாசித்தவர்கூட நல்ல பார்வை என்று பாராட்டு வாங்கிக்கொண்டு போன கதை உண்டு.

நின்றுபோன பழைய மாடல்களைக் கம்பெனிகள் மறுபடி செய்து விற்க ஆரம்பித்ததும் குழு இரண்டுபட்டது. உதிரிபாகம் தேடி நாயாய் அலையாமல் நிம்மதியாக ஓட்டலாமே என்றார்கள் ஒரு கட்சியினர். பெயின்ட் பழசைவிட அழகு என்று ஒருவர் எழுதப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஃபிரேம்காரர் எதிர்க்கட்சிக்குத் தலைவர். “மறுபதிப்பு என்று சொல்லாதீர்கள், மாறுவேஷம் என்று சொல்லுங்கள். பெயரைத் தவிர மொத்தமும் வேறு” என்று எழுதினார். அதற்கு விழுந்த கைதட்டல் பொம்மைகளை அன்று முழுக்கத் திறந்து திறந்து பார்த்தார்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் அவர் மனைவி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். பச்சை நிறம், மெல்லிய குழாய்கள், சாட்சாத் அந்த மாறுவேஷமேதான். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து அணைக்கட்டு வரை போகலாம் என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் சைக்கிளைப் பற்றிப் பேசித்தான் அவள் கேட்டிருக்கிறாள், சேர்ந்து ஓட்டியதில்லை. அவர் மென்று முழுங்கிச் சரி என்றார். குழு ஆட்கள் யாராவது வழியில் பார்த்துவிட்டால் மானம் கப்பலேறிவிடுமே என்று உள்ளுக்குள் பதைத்தார்.

சனிக்கிழமை காலை, குழுவில் இருந்த பேருந்து ஓட்டுநர் ஒருவர் வம்புக்கு இழுத்தார். பழைய ஃபிரேமின் குழாய்க்குள்ளே பலத்துக்காகச் சுருள் சுருளாக வரி ஓடும். புதியதில் அது கிடையாது என்று ஃபிரேம்காரர் அடித்துச் சொல்லியிருந்தார். திறந்து பார்த்தீர்களா என்று ஓட்டுநர் கேட்டார்.

அதன் பிறகு அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடையில் ஒருவருக்கு வலது கண்ணின் பவரை இடது கண்ணுக்கு எழுதி, நல்லவேளையாகத் தானே பார்த்துத் திருத்தினார். மத்தியானமே கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தார். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். தன் வண்டியில் கைவைக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். பார்த்துவிட்டுப் பழையபடி மாட்டிவிடுவோம், தெரியவா போகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

பெடல்களையும் அவற்றைத் தாங்கும் கிராங்கையும் கழற்றிவைத்தார். அச்சைப் பிடித்திருக்கும் வலதுபக்கக் கப்பைக் கழற்றினால் குழாய்க்குள்ளே எட்டிப் பார்க்கலாம். ஸ்பானரைப் போட்டு இடப்பக்கமாகத் திருகினார். அசையவில்லை. ஸ்பானரின் பிடியில் ஒரு நீளமான இரும்புக் குழாயைச் செருகி முழுப் பலத்தையும் போட்டார். நறநறவென்று ஒரு சத்தம். கப் அரைச்சுற்று சுற்றி, மரை தேய்ந்து, கோணலாகச் சிக்கிக்கொண்டது. அச்சு சுழலவே இல்லை, இனி பெடலை மிதிக்க முடியாது.

குனிந்து பார்த்தார். பழைய மாடலில்தான் அது இடப்பக்கம் கழலும். புதியதில் மரையை மாற்றியிருந்தார்கள். எந்தப் பக்கம் திருகினால் இறுகும் என்று கப்பின் விளிம்பில் அம்புக்குறியே போட்டிருந்தது. ஊருக்கெல்லாம் கண் பார்ப்பவரின் கண்ணில் அது படவில்லை. ஹாலுக்கும் வாசலுக்கும் நடந்தார், மெக்கானிக்குக்கு ஃபோன் போட்டார். ஃபிரேமில் புது மரை வெட்ட வேண்டும், நாளைக்கெல்லாம் நடக்காத காரியம் என்று அவன் கையை விரித்தான்.

சாயங்காலம் அவள் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் சைக்கிள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். குழுவில் மூண்ட சண்டையையும் சேர்த்துச் சொன்னார், அது ஒரு நியாயம் போல.

“மொத்தமும் வேறன்னு ஊரெல்லாம் சொன்னீங்களே,” என்றாள் அவள். “அப்புறம் எதுக்குப் பழசு மாதிரி திருகினீங்க?”

அவர் ஸ்பானரை எடுத்து ஓரமாக வைத்தார்.

“பக்கத்துல ஓட்டிட்டு வரலாம்னு நான் வாங்கினேன். உங்களுக்கு உள்ள என்ன இருக்குன்னு பார்க்கணும்.”

எழுந்து உள்ளே போய்விட்டாள். அவர் கழற்றிவைத்த பெடல்களைப் பொறுக்கி ஒரு துணியில் சுற்றினார். வெட்கமாக இருந்தது. சட்டைப்பையில் ஃபோன் அடுத்தடுத்து அதிர்ந்தது. உள்ளே வரி இருக்கிறதா இல்லையா என்று எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.