மிளகாய் வீட்டின் மூன்று வாக்கியங்கள்

விருதுநகரில் எங்கள் பெண்கள் கல்லூரி தொடங்கிய புதிதில் விடுதிக்கென்று கட்டிடம் கிடையாது. ஊருக்குள் மூன்று வீடுகளை வாடகைக்குப் பிடித்து வெளியூர்ப் பெண்களைக் குடிவைத்தார்கள். படுக்க ஓர் இடம், படிக்க ஒரு விளக்கு, அவ்வளவுதான் கல்லூரியின் எண்ணம். நாங்களோ கொஞ்ச நாளிலேயே அவற்றை மூன்று ராஜ்யங்களாக்கிவிட்டோம். பருப்பு மில்லுக்கு எதிரே இருந்தது பருப்பு வீடு. தேவாலயத்துக்குப் பக்கத்தில் இருந்தது மணி வீடு. மிளகாய் வத்தல் மண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற எங்களுடையது மிளகாய் வீடு. யாருக்கு ரோஷம் அதிகம் என்று பேரிலேயே தெரிந்திருக்கும்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. நான் திருத்தங்கல் பள்ளி ஆசிரியர் ஒருவரின் மகள், பட்டப்படிப்பில் இரண்டாம் வருடம், மிளகாய் வீட்டின் தலைவி. ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவி! இதைக் கல்லூரி ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. எங்கள் முதல்வர் அம்மாள் என்னைக் கூப்பிடும்போதெல்லாம் "அந்த வீட்டுப் பிள்ள" என்றுதான் சொல்வார்.

கல்லூரிக்கும் எங்கள் வீடுகளுக்கும் இருந்தது அசல் மாமியார் மருமகள் உறவு. விளையாட்டு விழாவன்று மூன்று வீடுகளும் தொண்டை கிழியக் கத்தும்போது, வந்த விருந்தினர்களிடம் "எங்க பிள்ளைகளோட ஒற்றுமையப் பாத்தீங்களா" என்று பூரித்துப்போவார் முதல்வர். மறுநாள் காலை வகுப்பு வகுப்பாகச் சுற்றறிக்கை வரும், வீட்டுப் பெயரைச் சொல்லிக் கூச்சல் போடக் கூடாதென்று. பரிசுக் கோப்பை வேண்டும், பந்தயம் மட்டும் வேண்டாம். இது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

எங்கள் வீட்டுக்கு ஒரு சின்னம் உண்டு. திருத்தங்கலில் அச்சாபீஸில் வேலை பார்த்த என் சித்தப்பா, கழித்துப்போட்ட தீப்பெட்டி லேபிள் தாள்களைக் கொண்டுவந்து தருவார். பச்சைக்கிளி லேபிள். நிறம் பிசகி, மூக்குக்கு வரவேண்டிய சிவப்பு வாலில் வந்து உட்கார்ந்திருக்கும். எங்கள் வீட்டுப் பெண்ணென்றால் அவள் தகரப் பெட்டியின் மூடியில் அந்தக் கிளி ஒட்டியிருக்கும். ஆனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவளுக்கெல்லாம் ஒட்டிவிட முடியுமா?

பின்கட்டில் ஒரு சன்னல், மண்டியின் முற்றத்தைப் பார்த்தபடி. சனிக்கிழமைகளில் அங்கே மூட்டை பிரித்து வத்தலைக் கொட்டிப் புரட்டுவார்கள். எழும்பும் நெடிக்குத் தெருநாய்கூட அந்தப் பக்கம் வராது. புதிதாக வந்த பெண் அந்த நேரத்தில் சன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு நின்று மூன்று வாக்கியம் சொல்ல வேண்டும். யார் மகள், எந்த ஊர், என்ன ஆகப் போகிறாள். இடையில் இருமலோ தும்மலோ வந்தால் அடுத்த சனிக்கிழமைதான். சொல்லி முடித்துவிட்டால் கிளி. அதுவரைக்கும் அவள் விருந்தாளி. முதல் பந்தியில் உட்காரவைத்துப் பரிமாறுவோம், பாயை விரித்துக் கொடுப்போம், ஒரு வேலை செய்ய விடமாட்டோம். உபசரித்தே உயிரை வாங்குவோம். அடி உதையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அந்த மரியாதையைப் பொறுக்க முடியாது.

அந்த வருடம் பட்டத்துக்கு முந்தைய ஒரு வருடப் படிப்பான பி.யு.சி.யில் சேர்ந்தவர்களில் மல்லாங்கிணற்றிலிருந்து ஒரு பெண் வந்தாள். கணக்கில் புலி. மானாவாரி நிலத்தில் மிளகாய் போடும் குடும்பம். அவளுடைய அப்பா மண்டிக்கு வரும்போதெல்லாம் எட்டிப் பார்த்துக்கொள்ளலாம் என்பதற்காகவே இந்த வீட்டைக் கேட்டு வாங்கியிருந்தார். ஒரே வருடம்தான் படிப்பு, வைகாசியில் தாய்மாமன் மகனோடு கல்யாணம் என்று பேசி வைத்திருந்தார்கள். எங்களுக்கெல்லாம் இது தெரியும். எனக்கு வயிறு எரியும். கணக்கு வாத்தியாரம்மாவே தடுமாறும் இடத்தில் கண்ணை மூடித் திறப்பதற்குள் விடை சொல்கிறவளை அடுப்பங்கரைக்கு அனுப்பப் போகிறார்களே என்று.

அப்பேர்ப்பட்டவளுக்கு இருமல் மட்டும் அடங்கவில்லை. முதல் சனிக்கிழமை அப்பா பெயரோடு சரி. இரண்டாம் சனிக்கிழமை ஊர்ப் பெயர் வரைக்கும் வந்துவிட்டாள், நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம், வந்தது பார் இருமல்! மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர் கொட்ட முன்கட்டுக்கு ஓடினாள். அங்கே வாசலில் நின்றுகொண்டிருந்தார் அவளுடைய அப்பா. மாட்டு வண்டியில் வத்தல் கொண்டுவந்து மண்டியில் இறக்கிவிட்டு மகளைப் பார்க்க வந்திருக்கிறார்.

"என்னம்மா இது? யாரு ஒன்னைய அள வச்சது?"

வாயைத் திறந்தால் இருமல். பேச முடியாமல் கையை நீட்டிச் சன்னலைக் காட்டினாள். சன்னலுக்கு முன்னால் நின்றது நான்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள். வெளியே திரும்பி வண்டிக்காரனிடம், "ஏலே, பிள்ள பெட்டியத் தூக்கி வண்டியில வையி" என்றார். குதிரை வண்டி பிடித்து நேரே கல்லூரிக்குப் போய்விட்டார். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று. அரைமணி நேரத்தில் அவரோடு முதல்வர் அம்மாள் எங்கள் நடுவீட்டில் நின்றார்.

"புதுப் பிள்ளைகளக் கொடுமைப்படுத்துறீங்கன்னு எனக்கு எப்பவோ தெரியும். இன்னையோட இந்த வீட்டக் கலைக்கிறேன். பாதிப் பேரு பருப்பு வீட்டுக்கு, மிச்சப் பேரு மணி வீட்டுக்கு."

பருப்பு வீட்டுக்கா! ஒருத்தி நிஜமாகவே அழ ஆரம்பித்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அப்பா முந்திக்கொண்டார்.

"நீங்க எங்கன வேணாலும் அனுப்புங்கம்மா. எம்மக ஊருக்கு வந்துருவா. படிச்சது போதும்."

முதல்வரின் முகம் மாறிவிட்டது. அவர் வந்தது எங்களை ஒடுக்கத்தான், அந்தப் பெண்ணை இழக்க அல்ல. "ஐயா, இந்த வருஷம் சேந்தவங்கள்ல கணக்குல இந்தப் பிள்ளதான் முதல் மார்க். அவசரப்படாதீங்க. வேற வீட்டுல நானே பாத்துக்கிடுதேன்" என்று கெஞ்சுகிற குரலில் சொன்னார். அப்பாவோ முடியாதென்று தலையை ஆட்டிவிட்டார். வாசலில் வண்டி நிற்கிறது, வண்டியில் கிளி ஒட்டாத பெட்டி.

இருமல் அடங்கியிருந்த அந்தப் பெண் முன்னால் வந்தாள். "யாரும் என்னைய அள வைக்கலப்பா. சன்னல்ல நின்னேன். வத்தல் நெடி ஏறிருச்சு."

"நெடி அடிக்கித எடத்துல எதுக்குத்தா நிக்கே?"

"நின்னு பேசினாத்தான் இந்த வீட்டுல சேத்துக்கிடுவாக. வந்ததுலேர்ந்து என்னைய விருந்தாளியாவே வச்சிருக்காகப்பா. ஒரு டம்ளரக்கூடக் களுவ விட மாட்டேங்காக!"

இதைச் சொல்லும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. மடமடவென்று பின்கட்டுக்குப் போய்ச் சன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். முற்றத்தில் சிவப்பாகக் குவிந்து கிடந்தது வத்தல். உற்றுப் பார்த்தார், மோந்து பார்த்தார்.

"இது நம்ம வத்தல்லா!"

காலையில் அவர் இறக்கிய அதே லோடு. அவர் முகத்தில் வந்த பெருமையை நான் என்னவென்று சொல்ல! அடுத்த நொடியே அது கோபமாகி மகள் மேல் திரும்பியது. "நம்ம வத்தலுக்கா இருமுன? மிளகாக் காட்டுல பொறந்து வளந்தவ, டவுனு பிள்ளைக முன்னால இருமிட்டு நிக்கியா? மண்டியில தெரிஞ்சா சிரிக்க மாட்டாகளா?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முதல்வர் என்னைப் பார்த்த பார்வையில் அதை அப்படியே விழுங்கினேன்.

"இப்பச் சொல்லு, நான் பாக்கேன்" என்றார் அவர். முதல்வர் பக்கம் திரும்பி, "ஒரே தடவம்மா. இருமினா இப்பவே வண்டி ஏத்திருவேன். இருமலன்னா இந்த வருசம் முடிய இங்கனயே இருக்கட்டும், இதே வீட்டுல" என்றார்.

முதல்வர் அம்மாள் தர்மசங்கடத்தில் மாட்டிக்கொண்டார். எந்தச் சடங்கை ஒழிக்க வந்தாரோ அதை அவர் கண் முன்னாலேயே நடத்தச் சொல்கிறார் ஒருவர். சட்டத்தைப் பார்த்தால் பெண் போய்விடுவாள், பெண்ணைப் பார்த்தால் சட்டம் போய்விடும். கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

"ம்… நல்லா அகலத் தொறந்து வையி" என்றார் என்னிடம்.

ஐயோ, அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! கல்லூரியே உத்தரவு போட்டு எங்கள் சன்னலைத் திறக்கச் சொன்னது. கதவு இரண்டையும் சுவரில் மோதும்படி தள்ளினேன். அங்கே புரட்டுகிறவர்களும் சரியாக அந்த நேரம் பார்த்து ஒரு புது மூட்டையைக் கவிழ்த்தார்கள். நெடி சுவர் மாதிரி உள்ளே வந்தது. எனக்கே தொண்டை கமறியது.

அவள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அப்பா பெயரைச் சொன்னாள், குரல் நடுங்காமல். ஊர்ப் பெயரைச் சொன்னாள். கழுத்து நரம்பு புடைத்தது, முகம் வத்தல் நிறத்துக்கு வந்துவிட்டது. நாங்கள் ஒருத்தி கையை ஒருத்தி நகம் பதியப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவள் மெதுவாக மூச்சை இழுத்தாள்.

"படிச்சு முடிச்சு, காலேசுல கணக்கு டீச்சர் ஆவேன்."

மூன்று! இருமல் இல்லை! எங்கள் சட்டப்படி அவள் அதோடு இறங்கியிருக்கலாம். நாங்கள் கை தட்டக்கூடத் தயாராகிவிட்டோம். அவள் கம்பியை விடவில்லை. திரும்பி அப்பாவின் முகத்தை நேராகப் பார்த்து, யாரும் கேட்காத நான்காவது வாக்கியத்தையும் சொன்னாள்.

"அதுக்கு முன்னால எனக்குக் கல்யாணம் வேண்டாம்ப்பா."

அதற்கப்புறம்தான் இருமினாள். குடல் வெளியே வந்துவிடும்போல இருமினாள். ஒரு வருடத்துக்குத்தான் அவர் வாக்குக் கொடுத்திருந்தார், இவள் கேட்டது அதைப்போலப் பல மடங்கு.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். மகளை விட்டு முதல்வர் பக்கம் திரும்பிக் கேட்டார். "இவ சொல்லுததுக்கு எம்புட்டு வருசம் ஆகும்மா?"

முதல்வர் கைக்குட்டையை எடுத்துவிட்டார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, தும்மல் மூக்கு நுனியில் நின்றது. அந்த நிலையிலும் நிமிர்ந்து நின்று பதில் சொன்னார். "இந்த வருஷம் போக பட்டத்துக்கு மூணு வருஷம். அதுக்கு மேலயும் படிக்கணும். அதுவரைக்கும் இந்த வீடும் இருக்கும், நானும் இருப்பேன்."

அப்பா யோசித்துக்கொண்டே வாசலுக்கு நடந்தார். நாங்கள் அத்தனை பேரும் பின்னாலேயே போனோம். வண்டிக்காரன் மாட்டைப் பூட்டித் தயாராக உட்கார்ந்திருந்தான்.

"ஏலே," என்றார் அவர், "பெட்டிய எறக்கு."

நாங்கள் போட்ட கூச்சலில் மண்டியில் வத்தல் புரட்டுகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். மிளகாய் வீட்டின் பெயரைச் சொல்லித்தான் கத்தினோம். முதல்வர் அம்மாள் எங்களை அடக்கவில்லை, தூணைப் பிடித்துக்கொண்டு தும்மிக்கொண்டே இருந்தார்.