அளவுக்கு ஒரு ஆள்

ஜியாலஜி நான் கேட்டு வாங்கிய படிப்பு அல்ல. காமர்ஸுக்கு விண்ணப்பம் போட்டேன். இடம் நிரம்பிவிட்டது, இதுதான் மிச்சம் என்றார்கள். கல்லைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று எரிச்சலோடுதான் அரியலூரில் சேர்ந்தேன். அப்பா ஒரே நிபந்தனை போட்டார்: ஒரு வருஷம் வீணானாலும் படிப்பை நிறுத்திவிட்டு, ஆண்டிமடத்து அத்தை மகனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். அப்பா சொன்னால் செய்கிற ஆள்.

எங்கள் துறையில் ஒரு பழக்கம். நேரில் போய்ப் பார்த்து எழுத வேண்டிய ரெக்கார்டு நோட்டை யாரும் போய்ப் பார்த்து எழுதியதில்லை. சீனியர் நோட்டை வாங்கிக் காப்பியடிப்போம். அவர் அவருடைய சீனியரைக் காப்பியடித்திருப்பார். எல்லா நோட்டிலும் அதே ஓடை, கரையில் அதே சிப்பிப் படிவம், அதே ஒற்றை வேலமரம். கடைசி வருஷச் செய்முறைத் தேர்வு திங்கட்கிழமை. வெள்ளியன்று கையெழுத்துப் போட உட்கார்ந்த பேராசிரியர் பாதியில் பேனாவை மூடினார்.

“அந்த ஓடையை குவாரிக்காரன் வெட்டி எடுத்து நாலு வருசமாச்சு. இல்லாத ஓடைக்கரையில இருபத்திமூணு பேரும் எப்படி நின்னீங்க?”

ஒவ்வொரு நோட்டிலும் குறுக்கே சிவப்புக் கோடு இழுத்தார். திங்கள் காலைக்குள் நேரில் பார்த்து எழுதி வராதவர்கள் தேர்வறைப் பக்கமே வர வேண்டாம் என்றார். எனக்கு அத்தை மகனின் முகம் கண்ணில் வந்து நின்றது.

சனிக்கிழமை எல்லோரும் போனோம். காவலாளி வேலிக்கு வெளியே நிற்க மட்டும் விட்டார். ஓடை இருந்த இடத்தில் பெரும் பள்ளம். எதிர்ப்பக்கத்துச் சுவரில் பழுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக அடுக்கடுக்காகக் கல். பாறையை வரைந்தால், அதன் உயரம் தெரிவதற்காக அளவுக்கு ஒரு பொருளையும் சேர்த்து வரைய வேண்டும். மற்றவர்கள் வழக்கம்போல் ஒரு சுத்தியலை வரைந்தார்கள். அந்தச் சுவரில் சுத்தியல் ஏது? பட்டும் திருந்தாத கூட்டம்.

நான் அளவுக்கு எதையாவது தேடினேன். சுவரின் நடுவே, பாதம் வைக்கும் அகலமே உள்ள விளிம்பில் ஒருவர் மிஷினால் துளை போட்டுக்கொண்டிருந்தார். இடுப்பில் கயிறு இல்லை. இடது தோள் சற்று இறங்கியிருந்தது. தலையில் ஊதாக் கோடு போட்ட துண்டு. முந்தின நாள் அதைத் துவைத்துக் கொடியில் போட்டது நான். குவாரி குடோனில் உட்கார்ந்து செய்கிற வேலை என்றுதான் அப்பா வீட்டில் சொல்லியிருந்தார்.

கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிட்டால் திரும்புவார், திரும்பினால் கால் எங்கே படும்? வாயைப் பொத்திக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவளிடமும் சொல்லவில்லை. அப்பா அந்த விளிம்பைவிட்டு இறங்கும்வரை கண்ணை எடுக்காமல் வரைந்தேன், எழுதினேன். மூன்றாம் அடுக்கு இரண்டு ஆள் உயரம். கல் உதிர்கிறது. குதிகால் ஊன்ற இடமில்லை. கயிறு இல்லை. அளவுக்கு நிற்கும் ஆள்: ஐந்தடி நான்கு அங்குலம்.

திங்கள் காலை பேராசிரியர் அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டார். அத்தனை தூரத்தில் நின்றவரின் உயரம் அங்குலம் வரைக்கும் எப்படித் தெரியும், இதுவும் புளுகா என்று கேட்டார். அவர் கையில் இருந்த சிவப்புப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எங்கப்பாங்க சார்.”

இன்னொரு முறை படித்தார். பச்சை மையில் கையெழுத்துப் போட்டார்.

அன்று மாலை, நோட்டில் கையெழுத்து வாங்கியாயிற்றா என்று அப்பா விசாரித்தார். குடோனில் இன்று வேலை அதிகம் என்றும் சொன்னார். தலையாட்டிவிட்டுச் சோறு போட்டேன். அவரிடம் கேட்க முடியாததை என்னால் எழுத முடிந்திருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. பயமாகவும் இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து அந்த ஒரு பக்கத்தை விரித்து எழுதி ஒரு இதழுக்கு அனுப்பினேன். இன்றைக்கு எழுத்துதான் எனக்கு வேலை. அச்சில் வந்த முதல் எழுத்து அது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்ட் கடையில் இதழை வாங்கி அப்பாவிடம் நீட்டினேன். விரல் வைத்து வரி வரியாகப் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“கயிறு இருந்துச்சும்மா. நீதான் எழுதாம வுட்டுட்ட.”

ஆமாம்பா, மறந்துவிட்டேன் என்றேன். மறுநாள் காலையும் அந்தத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்.