பேஸ்காரனின் பெயர்

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில், மொன்றியல் டவுன்டவுன் கிளப் ஒன்றில் நான் மேடைக்குக் கேபிள் இழுக்கும் வேலை பார்த்தேன். அங்கே சவுண்ட் பார்த்தவர், காதோரம் மார்க்கர் செருகிய யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர். ஒலியைக் கலக்கும் மிக்ஸர் பலகையில் வாத்தியத்தின் பெயரை எழுதமாட்டார். வாசிப்பவரின் பெயரைத்தான் டேப்பில் எழுதி ஒட்டுவார்.

போஸ்ட்-பங்க் என்ற ராக் வகை வாசிக்கும் குழு ஒன்று அங்கே மூன்றாம் முறை வந்தபோது, பாடகர் மட்டுமே பழைய ஆள். உறுமிய கிட்டார்கள் போய்க் கீபோர்ட் வந்திருந்தது. பாடகர் சண்டைபிடித்துத் துரத்திய பேஸ் கிட்டார்காரனின் பெயர் எழுதிய பழைய டேப்பையும் அண்ணை எடுத்துவைத்திருந்து, மிக்ஸரில் ஒட்டியிருந்தார்.

"அண்ணை, பாடகர் வாறார். கழட்டுங்கோ!" என்றேன்.

"ஏன் கழட்டோணும்? இவையின்ர சத்தமே அவன்தானே."

பாடகர் குனிந்து பெயரை வாசித்தார். அவர் முகம் இறுகியது. அண்ணை அசையவில்லை. பாடகர் கையை நீட்டி, பிரிந்து மேலெழும்பியிருந்த டேப்பின் மூலையை விரலால் அழுத்தி ஒட்டிவிட்டு மேடைக்குப் போனார்.

அவர் உரிக்கமாட்டார் என்று அண்ணைக்கு முன்பே தெரியுமா? இன்றும் யோசிக்கிறேன்.