கோணாமலையின் கைபடாத மண்

நாவற்குடாக் கோணாமலை கிணறு வெட்டுகிறவர். எத்தனை கிணறு வெட்டினீர் என்று கேட்டால் நூறோடு நிறுத்திக்கொள்வார். அதற்கு மேல் எண்ணினால் கண்ணூறு படும் என்பார். ஆனால் ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளில் கல்குடா தொடக்கம் பெரியகல்லாறு வரை அவர் பெயர் அடிபட்டது கிணற்றினால் அல்ல. ஒரு பிடி மண்ணை அள்ளி, உள்ளங்கையில் பரப்பி, விரலால் கிளறி முகர்ந்து பார்த்தாரென்றால், அந்த இடத்தை முன்னே யாராவது வெட்டி மூடியிருக்கிறார்களா இல்லையா என்று சொல்லிவிடுவார். இதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. மேலே வெள்ளை மணல், கீழே மஞ்சள் மணல், அதற்கும் கீழே களி. ஒருதரம் வெட்டிவிட்டால், எப்பேர்ப்பட்ட கொம்பன் மூடினாலும் அந்த அடுக்கு பழையபடி வராது. வெட்டி மூடினது கைபட்ட மண், வெட்டாதது கைபடாத மண். அவ்வளவுதான் வித்தை.

இந்த வித்தை இரண்டு பேருக்குத் தேவைப்பட்டது. ஒருவர் கந்தோரில் எழுத்து வேலை பார்த்த கிளாக்கர் நல்லரத்தினம். மற்றவர் காத்தான்குடியில் புடைவைக் கடை வைத்திருந்த முனாப். இருவருக்கும் புதையல் பைத்தியம். அதுவும் சும்மா பைத்தியம் இல்லை, சட்டதிட்டத்தோடு கூடிய பைத்தியம்! கனவு கண்டேன், மை போட்டுப் பார்த்தேன் என்று யாராவது வந்தால் கிளாக்கர் படலை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார். மற்றவர்களை உட்காரவைத்து, தடித்த கொப்பியொன்றை விரித்து மூன்று கேள்வி கேட்பார். கண்ணால் கண்டது யார்? அதையே வேறு யாராவது தனியாகச் சொல்கிறார்களா? இதைச் சொல்வதால் உமக்கு என்ன வரும்? மூன்றாவது கேள்வியிலேயே பாதிப் பேருக்கு அவசர வேலை வந்துவிடும்.

முனாப் வேறு ரகம். அவர் பொருளைப் பார்ப்பார். ஒல்லாந்தர் விட்டுப்போன செப்புத் தகடு என்று ஒருவர் கொண்டுவந்ததை எச்சில் தொட்டுத் தேய்த்தார். நூற்றைம்பது வருடத்துப் பச்சை அவர் விரலோடு வந்துவிட்டது. கல்குடாவில் ஒருவர், ஒல்லாந்தர் பெட்டி புதைத்தது இந்தத் தென்னையடியில்தான் என்று அடித்துச் சொன்னார். முனாப் மரத்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இது எனக்குத் தம்பி முறை என்று சொல்லிக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டார்.

இத்தனைக்கும் தப்பிப் பிழைத்த கதை வருடத்தில் இரண்டோ மூன்றோ தேறும். அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமை காலையில் கோணாமலைக்கு ஆள் வரும். மூவரும் தோணியில் வாவியைக் கடந்து மேற்கே படுவான்கரைக்குப் போவார்கள். கோணாமலை ஒரு முழம் தோண்டி, மண்ணைப் பார்த்து, "கைபடாத மண்" என்பார். பேச்சு அத்தோடு முடிந்தது. மண்வெட்டியைப் போட்டுவிட்டு முனாப் வீட்டுப் புட்டுப் பொதியை அவிழ்ப்பார்கள். பதினொரு இடம் இப்படிப் பார்த்தாயிற்று, பதினொன்றும் கைபடாத மண். ஒருவருக்கும் ஒரு மனவருத்தமும் இல்லை. கோணாமலைக்கோ அந்த ஞாயிற்றுக்கிழமைகள் என்றால் உயிர். வாளியும் கயிறும் எங்கே என்பதைத் தவிர வேறொன்றும் அவரிடம் கேட்காத உலகத்தில், படித்த மனிதர் இருவர் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பது என்ன லேசான காரியமா?

பன்னிரண்டாவது கதைதான் வினையாகி வந்தது. கிளாக்கர் நாவற்குடாக் காணியொன்றின் பழைய உறுதிப் பத்திரத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது, ஒல்லாந்தர் காலத்துப் பண்டசாலைக்காரன் ஒருவன் ஓடிப்போகும்போது புளியமரத்துக்கு மேற்கே இத்தனை முழத்தில் பானை புதைத்தான் என்று ஒரு குறிப்பு அகப்பட்டது. உறுதியைக் கண்ணாலும் காணாத, எழுத்தறியாத ஆச்சிப்பிள்ளை என்ற கிழவியும் அதே புளியமரத்தையும் அதே பானையையும் சொன்னாள். சொன்னதற்கு ஒரு வெற்றிலைகூட வாங்கவில்லை. மூன்று கேள்விக்கும் முழுப் பதில் கிடைத்த கதை அது ஒன்றுதான். அளந்து பார்த்தார்கள். புளியமரத்துக்கு மேற்கே அந்த இடத்தில் நின்றது கோணாமலையின் பெண்சாதி கண்ணகையின் வீடு. அதிலும் வடக்கு அறை.

அந்த அறைக்குத்தான் கண்ணகை புதிதாகச் சாணம் மெழுகிக்கொண்டிருந்தாள். இன்னும் எட்டு நாளில் மகள் புஸ்பத்துக்குக் கலியாணம். இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை வந்து குடியிருப்பார். வீடில்லாத பெண்ணுக்கு மாப்பிள்ளையும் இல்லை. பெரியகல்லாற்று மாப்பிள்ளை தங்கராசா வீட்டார் சுவரைத் தட்டிப் பார்த்துத்தான் சம்மதம் சொன்னவர்கள். மண்சுவரின் காலடியில் ஆளுயரக் குழி வெட்டினால் சுவர் நிற்காது என்பதைக் கிணறு வெட்டுகிறவனுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

கலியாணம் முடிந்த பிறகு பார்ப்போமே என்றார் கோணாமலை. முனாப் தலையாட்டவில்லை. கலியாணத்துக்குப் பிறகு வீடு புஸ்பத்தின் வீடு, மருமகனைக் கேட்கவேண்டும், மருமகனுக்குத் தெரிந்தால் ஊருக்குத் தெரியும் என்றார். அவர் சொன்னதிலும் பிழையில்லை. அப்படியென்றால் மண் பார்க்க வேறு ஆளைக் கூப்பிடுங்கள், சொந்த வீட்டுக்கு நானே தீர்ப்புச் சொல்லலாமா என்று கேட்டார் கோணாமலை.

"உன்ட வாயால சொன்னாப் போதும்" என்றார் கிளாக்கர். "வேற ஆள் எங்களுக்கு என்னத்துக்கு?"

கண்ணகை அடுப்படியில் இருந்தாள். கோணாமலை மூலையில் ஒரு முழம் தோண்டி, கையை விட்டு மண்ணை அள்ளினார். மஞ்சள் மணலுக்குள் வெள்ளை மணல் திட்டுத் திட்டாகக் கலந்திருந்தது. நடுவே ஒரு துண்டுக் கரி. கைபட்ட மண். இவ்வளவு சுத்தமாகக் கைபட்ட மண்ணை அவர் ஆயுளில் பார்த்ததில்லை. உண்மையைச் சொன்னால் இவர்களைத் தடுக்கலாம், நல்ல மனிதர்கள். தன்னைத் தடுக்க முடியாதே! மண்வெட்டியோடு முதலில் குழியில் குதிக்கப்போவது தானேதான் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது.

"கைபடாத மண், ஐயா" என்றார்.

இருவரும் உடனே எழுந்துவிட்டார்கள். ஒருவராவது குனிந்து பார்க்கவேண்டுமே, இல்லை. கிளாக்கர் கொப்பியில் எழுதினார். பிறகு அதை மூடிவிட்டு, இதுவே இல்லையென்றால் இனி எதுவும் இல்லை முனாப், நாம் விட்டுவிடுவோம் என்றார். கோணாமலை குழியை மூடி மிதித்தார். மிதித்த கால் கூசியது.

கலியாணம் அமோகமாக நடந்தது. மருமகன் தங்கமான பிள்ளை. கோணாமலையும் கண்ணகையும் அதே வீட்டு வளவின் ஓரத்தில் ஒரு குடிசை போட்டுக்கொண்டு ஒதுங்கினார்கள். குறையொன்றும் இல்லை, ஞாயிற்றுக்கிழமையைத் தவிர. அன்றைக்கு விடிந்தால் மனுசனுக்கு இருப்புக் கொள்ளாது. வாவிக்கரையில் போய் நின்று வருகிற போகிற தோணிகளைப் பார்ப்பார். பழைய சிநேகிதம் போனதும் உறுத்தியது, பொய் அதைவிட உறுத்தியது. நாலு மாதம் பொறுத்தார். ஐந்தாம் மாதம் முனாப்பின் கடைக்கு நடந்தார். கிளாக்கரும் அங்கே இருந்தார்.

"அண்டைக்கு நான் பொய் சொல்லிப்போட்டன் ஐயா. அது கைபட்ட மண்."

கோபிப்பார்கள் என்று எதிர்பார்த்துத்தான் கோணாமலை வந்திருந்தார். ஆனால் கிளாக்கர் கோபிக்கவில்லை. பழக்கதோஷம், கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டார். கண்டது யார்? நான். வேறு யாராவது கண்டார்களா? இல்லை. இதைச் சொல்வதால் உனக்கு என்ன வரும்?

அதற்குப் பதில் முனாப்தான் சொன்னார், மிகவும் அன்பாக.

"எங்கட கூட்டு வரும். வேறென்ன? எங்களோட வாறதுக்கு நீ கதை கட்டோணுமா கோணாமலை? சும்மா வாவன்."

பெற்ற பிள்ளைமேல் ஆணையிட்டார் கோணாமலை. கிளாக்கர் அவருடைய தோளைத் தட்டிக்கொடுத்து, போகட்டும், வருகிற ஞாயிறு தோணிக்கு வந்துவிடு, எங்களுக்கும் வீட்டில் இருந்து அலுத்துவிட்டது என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் படுவான்கரைக்குப் போனார்கள். புதுக் கதை, வயல் வட்டையோரம் ஒரு மேட்டு நிலம். வழியெல்லாம் சிரிப்பும் பேச்சும்தான். கோணாமலைக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. ஒரு முழம் தோண்டி மண்ணை அள்ளிப் பார்த்தார். அடுக்குக் குலையாத மண். மண் பிறந்த நாள் தொட்டு ஒரு கையும் படாதது. அதையே சொன்னார்.

முனாப் கிளாக்கரைப் பார்த்தார். கிளாக்கர் வயலைப் பார்த்தார்.

"எதுக்கும் இன்னும் ரெண்டு முழம் இறக்கிப் பாப்பமே" என்றார் கிளாக்கர்.

கோணாமலை மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினார். ஒன்றும் இல்லை என்று தனக்கு நன்றாகத் தெரிந்த அந்த மண்ணை இரண்டு முழம் வெட்டினார்.