டிரெய்லர் தாங்கும் எடை

கார் லைசென்ஸை வைத்துக்கொண்டு டிராக்டர் ஓட்டினால் போலீஸ் பிடிக்கும் என்று எனக்கு முதலில் சொன்னவர் என் கொழுந்தனார். அடுத்துச் சொன்னவர் கூமாப்பட்டி டீக்கடைக்காரர். மூன்றாவது ஆள் என் வீட்டுக்காரர், இடுப்பில் பிளேட் வைத்துக் கட்டிலில் படுத்தபடி சொன்னார். மூன்று பேரில் ஒருவர்கூட அந்தச் சட்டத்தைக் கண்ணால் பார்த்தவர் இல்லை.

பிளவக்கல் போகும் வழியில் எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. போன காய்வெட்டின்போது டிரெய்லர் நிறையத் தேங்காய் ஏற்றிக்கொண்டு இவர் கால்வாய்க் கரை ஏறியிருக்கிறார். பாதி மேட்டில் டிராக்டரின் முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்பி, வண்டி சாய்ந்து, இவரைத் தூக்கி எறிந்துவிட்டது. உயிர் பிழைத்ததே பெரிது. கண்ணேறு என்றது ஊர். பூசணிக்காய் வாங்கிச் சுற்றி உடைத்தோம். நானும்தான் உடைத்தேன், அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

இவரால் இனி கிளட்ச் மிதிக்க முடியாது என்று டாக்டர் சொன்ன வாரமே கொழுந்தனார் பேர் மாற்றும் ஃபாரத்தோடு வந்துவிட்டார். டிராக்டரும் டிரெய்லரும் அவர் பெயருக்குப் போனால் எங்கள் காயை அவரே ஏற்றுவார், அவரே பேசி விற்பார், கொடுப்பதைக் கொடுப்பார். தோப்பு எங்கள் பெயரில் இருக்கும், அதில் எங்கள் பேச்சு எடுபடாது. இது எனக்கே புரிந்தபோது இவருக்கும் புரிந்திருக்கத்தான் வேண்டும். ஆனாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். நான் அந்தத் தாளை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

"தம்பி, ஒரு வெட்டு பொறுங்க" என்றேன்.

"பொறுத்து என்ன மதினி ஆவப் போவுது? நீங்களா ஓட்டப் போறீய?"

"நாந்தான் ஓட்டப் போறேன்."

அவர் சிரித்தார். கூடவே கட்டிலிலிருந்தும் ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ராஜபாளையத்தில் அப்பாவின் மாருதி வேனை இருபது வயதிலேயே ஓட்டியவள் நான். தோப்புக்குள் இதே டிராக்டரை எத்தனை முறை ஓட்டியிருக்கிறேன். ரோட்டுக்கு மட்டும் வரக் கூடாதாம், நாலு பேர் பார்ப்பார்களாம். பார்க்கட்டுமே, பார்க்கத்தானே கண்.

மறுநாளே லைசென்ஸையும் டிராக்டர், டிரெய்லர் இரண்டின் ஆர்.சி.களையும் பையில் போட்டுக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன். ஆர்.டி.ஓ. ஆபீஸில் இருந்த அதிகாரி என் வயதுக்காரப் பெண். லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இலகு ரக வாகனம்னு போட்டிருக்குல்லா? வெறும் எடை ஏழாயிரத்து ஐந்நூறு கிலோவுக்குள்ள இருக்க டிராக்டரு அதுல வந்துரும். விவசாய டிரெய்லர் மாட்டுனாலும் இதே லைசென்ஸ்தான். நல்லா ஓட்டுங்க."

அவ்வளவுதான் சட்டம். மூன்று ஆண்பிள்ளைகள் சேர்ந்து மலையாகக் காட்டியது இதைத்தான்.

நான் கிளம்பும்போது அவர் கூப்பிட்டார். "ஒண்ணு மட்டும். டிரெய்லருக்குத் தனி ஆர்.சி. இருக்கு, அதுல எடை போட்டிருக்கும். கூட ஏத்துனா, ஏத்துனவன் போயிருவான், வண்டி ஓட்டுறவங்களத்தான் கேப்போம். லோடு மேல ஆளும் உக்காரக் கூடாது."

திரும்பும் பஸ்ஸில் டிரெய்லரின் ஆர்.சி.யைப் பிரித்துப் படித்தேன். இரண்டு எடைகள் இருந்தன. ஒன்று வெறும் டிரெய்லரின் எடை. இன்னொன்று சரக்கோடு சேர்த்த எடை. இரண்டாவது எண் எனக்கு மனப்பாடம். "நம்ம டிரெய்லர் அம்புட்டுக் காய் தாங்கும், புக்குலயே போட்டிருக்கு" என்று இவர் வியாபாரிகளிடம் சொல்லிச் சொல்லிக் காது புளித்த எண். அம்புட்டும் ஏற வேண்டும் என்றுதான் நாலு பக்கமும் பலகை வைத்து உயர்த்தி போல்ட் போட்டிருந்தார். ஆனால் அந்த எண் காய்க்கு மட்டும் உரியதல்ல. டிரெய்லரின் சொந்த எடையும் அதற்குள்ளேயே அடக்கம். இவர் வருஷக்கணக்காக, ஒவ்வொரு நடையும், ஒரு டிரெய்லர் எடைக்குக் காயைக் கூடுதலாக ஏற்றியிருக்கிறார்.

வத்திராயிருப்பு வரும்வரை அந்த வரியையே திரும்பத் திரும்பப் படித்தேன். கண்ணேறும் இல்லை, காத்துக் கருப்பும் இல்லை. படிக்கத் தெரிந்த மனுஷன் ஒரு வரியைத் தப்பாகப் படித்ததற்கு இடுப்பைக் கொடுத்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து அந்த வரியை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். பக்குவமாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "இந்தா, உங்க இடுப்ப ஒடச்சது இதான்" என்றேன். அவர் படித்தார். மறுபடியும் படித்தார். "கணக்குல நான் பிசகமாட்டேனே" என்றார் மெதுவாக. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் நிற்கவில்லை. நேரே முற்றத்துக்குப் போய்ப் பலகையின் போல்ட்டைத் திருக ஆரம்பித்தேன். துருப்பிடித்திருந்தது, அசையவில்லை. கை உரிந்ததுதான் மிச்சம்.

செத்த நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது. "அதுக்குப் பதினேழாம் நம்பர் ஸ்பேனரு. சீட்டுக்கு அடியில கெடக்கும்."

வெட்டு நாளன்று, பலகை கழற்றிய டிரெய்லரின் சொந்த விளிம்புக்கும் ஒரு சாண் கீழேயே போதும் என்று நிறுத்தச் சொன்னேன். சுமை ஏற்றுகிறவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "என்னக்கா, அரை வண்டியோட போறீய?"

"அரை இல்ல. இதான் முழு வண்டி. மிச்சம் அடுத்த நடை."

காய்மேல் ஏறி உட்கார்ந்த இரண்டு பேரையும் இறங்கி பைக்கில் வரச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். கொழுந்தனார் கால்வாய்க் கரையில் போய் நின்றுகொண்டார், வேடிக்கை பார்க்க.

மேட்டில் முதல் கியரைப் போட்டேன். பயமில்லை என்று பொய் சொல்லமாட்டேன். முன்சக்கரத்தையே பார்த்தேன். அது தரையை விடவில்லை. கரை ஏறி, கொழுந்தனாரைத் தாண்டும்போது ஹாரன் அடித்தேன். அவசியமே இல்லை, இருந்தாலும் அடித்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் எடை மேடையில் ஏற்றி எடை போட்டுச் சீட்டு வாங்கினேன். டிராக்டரின் எடையைக் கழித்துப் பார்த்தால் ஆர்.சி.யில் உள்ளதற்கு உள்ளேயே நின்றது. ராஜபாளையம் மண்டியில் காயை இறக்கிவிட்டு வந்து, மறுநாள் இன்னொரு நடை போனேன். டீசல் கூடத்தான் ஆனது. ஆகட்டும்.

அன்று சாயங்காலம் கொழுந்தனார் வீட்டுக்கு வந்தார். இவர் கட்டிலில் சாய்ந்து, எடைச் சீட்டுகள் இரண்டையும் கண்ணாடி போட்டுப் படித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, வெட்டுதான் முடிஞ்சிருச்சே. அந்த ஃபாரத்தக் குடுத்தியன்னா நாளைக்கே போயி மாத்திருவேன்."

இவர் எடைச் சீட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என்ட்ட ஏம்லே கேக்க? வண்டி ஓட்டுறவளக் கேளு."

கொழுந்தனார் என் பக்கம் திரும்பினார். வாயைத் திறந்து கேட்கட்டும் என்று காத்திருந்தேன். கேட்டார்.

"தரமாட்டேன்" என்றேன்.