தொடைக்கடியில் வைத்த கைகள்

என் அத்தை, அப்பாவின் தங்கை, பல் செய்கிறவள். பல் மருத்துவர்கள் வாயின் அச்சை எடுத்து அனுப்புவார்கள். அதற்கேற்ற பொய்ப்பல் செட் தயாராகும் பட்டறையில், மெழுகில் பல் பதித்து, செதுக்கி, பளபளவென்று தேய்த்துக் கொடுப்பது அவள் வேலை. பிறந்ததிலிருந்தே அவளுக்குக் காது கேட்காது. "பள்ளிக்கூடத்துலயும் அடுத்தவங்க வாயைத்தான் பார்த்தேன், இப்பவும் அதையேதான் பார்க்கிறேன்" என்று கையாலேயே சொல்வாள். நானும் அண்ணனும் அந்தக் கைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள். அவள் பேச்சு எங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

அவள் படித்தது காது கேளாதோர் விடுதிப் பள்ளியில். அங்கே வாயால் மட்டுமே பேச வேண்டும். ஆசிரியை உதட்டருகே காகிதத் துண்டு ஒன்றைப் பிடிப்பார். 'ப' சொன்னால் அது ஆட வேண்டும். 'ம' வரும்போது அவர் மூக்கில் விரல் வைத்து அதிர்வைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு சொல் சரியாக வர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை இரண்டு கைகளும் தொடைக்கடியில். கைகள் வெளியே வந்தால் கைக்குட்டையால் கட்டிவிடுவார்கள். அந்த ஆசிரியை கொடுமைக்காரி அல்ல. அத்தை இன்றும் அவரைப் பாசமாகத்தான் நினைக்கிறாள். அந்த விதி அவர் போட்டதும் அல்ல. ஒரு நூற்றாண்டுக்கும் முன்னால், எங்கோ தூரத்தில், ஆசிரியர்கள் கூடினார்கள். பெரும்பாலும் காது கேட்கிறவர்கள். சைகை பழகிய பிள்ளை பேசக் கற்காது, ஆகவே வகுப்பில் சைகை வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். அது நாடு நாடாகப் பரவி, அத்தையின் வகுப்பு வரைக்கும் வந்து சேர்ந்தது.

பிள்ளைகளிடம் மட்டும் அது செல்லுபடியாகவில்லை. துணி துவைக்கும் இடத்தில், வாளிகளுக்கு நடுவே, பெரிய பெண்கள் சின்னவர்களுக்குக் கைப்பேச்சு சொல்லிக்கொடுத்தார்கள். சோப்பு நுரையோடுதான் அத்தைக்கு ஒரு மொழி கைக்கு வந்தது.

அண்ணனின் மகளுக்கும் காது கேட்காது என்று பரிசோதனையில் தெரிந்தபோது வீடே இடிந்துபோய் உட்கார்ந்தது. அத்தையும் அழுதாள். ஆனால் குழந்தையின் விரல்களை அவள் பிரித்துப் பிரித்துப் பார்த்ததையும் நான் கவனித்தேன். தன் மொழியில் பேச வீட்டுக்குள்ளேயே ஒருத்தி வந்துவிட்டாளே.

குழந்தைக்கு இரண்டு வயதாகும்போது காதுக்குக் கருவி வந்தது. பேச்சுப் பயிற்சி வகுப்பும் வந்தது. முதல் வகுப்பு முடிந்து திரும்பிய அன்றே அண்ணி அத்தையின் எதிரில் உட்கார்ந்து, உதடு தெரியும்படி மெதுவாகச் சொன்னாள்.

"அத்தை, தப்பா எடுத்துக்காதீங்க. குழந்தைகிட்ட கையால பேச வேணாம்னு டீச்சர் சொல்றாங்க. பழகிட்டா வாயே திறக்க மாட்டாளாம்."

அத்தை தலையாட்டினாள். அண்ணன் ஏதோ சொல்லப் போனான். "நீ சும்மா இருடா" என்று ஒரு விரலை நீட்டி அவனை அடக்கினாள். எனக்கு அண்ணி மேல் கோபம் கோபமாக வந்தது. ஆனால் அவளுக்கு இருந்தது ஒரே ஆசைதான்: மகள் ஒருநாள் தன்னை 'அம்மா' என்று கூப்பிட வேண்டும்.

அதற்குப் பிறகு வாண்டு, குழந்தையை அப்படித்தான் கூப்பிடுவோம், பக்கத்தில் வந்தால் போதும், அத்தையின் கைகள் தொடைக்கடியில் போய்விடும். மடியில் ஏறினால் கன்னத்தோடு கன்னம் உரசுவாள். அவ்வளவுதான். மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது மட்டும் கைப்பேசியைச் சுவரில் சாய்த்துவைத்து, பள்ளித் தோழியோடு வீடியோவில் ஆசைதீரப் பேசுவாள். வாண்டு பக்கத்தில் துணி கிளிப்புகளைக் கோத்து விளையாடுவாள். விளையாடுகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வாண்டு கருவியைப் பிடுங்கி எறிந்தாள். அண்ணி எடுத்து மாட்டினாள். மறுபடியும் எறிந்தாள்.

"என்னடி வேணும் உனக்கு? வாயைத் திறந்து சொல்லு! இதைப் போட்டாத்தானே கேட்கும்?"

வாண்டு அழுதுகொண்டே இரண்டு சுட்டுவிரல்களையும் காதருகே கொண்டுபோய் எதிரெதிராக முறுக்கினாள்.

"பாரு, கையை ஆட்டி ஆட்டி என்ன அடம் பிடிக்கிறா!" என்றாள் அண்ணி என்னிடம்.

நான் வாய் திறப்பதற்குள் அத்தை மேசையைத் தட்டினாள். கைகள் வெளியே வந்திருந்தன. அண்ணியைப் பார்த்து விரல்களை அதேபோல முறுக்கிக் காட்டினாள். குழந்தையின் காதைச் சுட்டினாள். பிறகு, பள்ளியில் படாத பாடு பட்டுக் கற்ற குரலில், "வலி" என்றாள்.

அண்ணி குழந்தையை ஜன்னலருகே தூக்கிப்போய்ப் பார்த்தாள். காதின் உட்புறம் சிவந்து புண்ணாகியிருந்தது. குழந்தை வளர்ந்துவிட்டாள், கருவியில் காதுக்குள் பொருத்துகிற துண்டு வளரவில்லை.

"இதை இவ எப்போ கத்துக்கிட்டா?" என்று அண்ணி அத்தையிடம் கேட்டாள்.

அத்தை என் பக்கம் திரும்பிக் கைகளைப் படபடவென்று அசைத்தாள். அண்ணிக்காக நான் வாயால் சொன்னேன்.

"அத்தை சொல்லித் தரலையாம். சத்தியமா இல்லையாம். மாடியில ஃப்ரெண்டுகிட்ட மூட்டு வலின்னு புலம்பினாங்களாம், அதைப் பார்த்திருப்பாளாம். இனிமே மாடியிலயும் பேச மாட்டாங்களாம்."

"ஐயோ அத்தை!" என்றாள் அண்ணி. கண் நிறைந்துவிட்டது. "எம்பொண்ணு இவ்வளவு நேரமா சொல்லிக்கிட்டேதான் இருந்திருக்கா. எனக்குத்தான் விளங்கலை." குழந்தையைக் கொண்டுவந்து அத்தையின் மடியில் உட்காரவைத்தாள். "மன்னிச்சுக்கோன்னு எப்படிச் சொல்றது? காட்டுங்க."

அத்தை காட்டினாள். அண்ணி செய்தது சுவருக்கு வெள்ளையடிப்பது மாதிரி இருந்தது. வாண்டு ஒன்றும் புரியாமல் அத்தையை அண்ணாந்து பார்த்தாள். அத்தை அண்ணியைப் பார்த்தாள். அண்ணி தலையசைத்தாள். அதன் பிறகுதான் அத்தை குனிந்து, குழந்தையின் கண்ணுக்கு நேரே, அந்தச் சொல்லைக் கையால் நிதானமாகச் சொன்னாள்.

"அப்போ பேச்சு வகுப்பு?" என்று அண்ணியிடம் கேட்டேன்.

"அதுக்கும் போவோம். ரெண்டும் இருக்கட்டும்."

"டீச்சர் திட்டினா?"

"எனக்குக் காது கேட்கலைன்னு சொல்லிடறேன், போ."

அத்தை அவள் உதட்டைப் படித்துவிட்டு வீடே அதிரும்படி சிரித்தாள். மடி குலுங்கியது. வாண்டு அழுகையை மறந்து, இரண்டு கை விரல்களையும் குவித்து ஒன்றோடொன்று தட்டினாள்.

"என்னவாம்?" என்றாள் அண்ணி.

'இன்னொரு தடவை' என்று அர்த்தம்.