முருகன் எடுத்துக்கொள்ளாத மூக்கு

முருகனடியார்களே, சாப்பிட்டுக்கொண்டே இதைப் படிக்கிறவர்கள் முதலில் சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிவிட்டு வாருங்கள். நான் சொல்லப்போகும் அனுபவத்தில் வாந்தி இருக்கிறது, சீழ் இருக்கிறது. அவற்றை விட்டுவிட்டுச் சொன்னால் அவன் செய்த உதவி உங்களுக்குப் புரியாது.

என் பெரிய தொந்தரவு என் மூக்கு. திண்டுக்கல்லிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். தோல் பதனிடும் ஷாப் பக்கமிருந்து காற்று அடித்தால் தெருவில் எல்லோரும் அவரவர் பாட்டுக்கு வேலையைப் பார்ப்பார்கள். நான் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு குமட்டிக்கொண்டிருப்பேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் யாராவது அவித்த முட்டையைப் பிரித்தால் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நிற்பேன். எங்கள் காம்பவுண்டில் குடியிருக்கும் என் தோழிகள் ராசாத்தியும் மல்லிகாவும் எனக்கு வைத்த பெயர் மூக்கம்மா.

போன தைப்பூசத்துக்கு நாங்கள் மூவரும் பழனிக்குப் பாதயாத்திரை கிளம்பினோம். நேர்த்திக்கடன் ராசாத்திக்குத்தான். பல வருஷம் ஏங்கிக் கிடந்த அவள் மகளுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. அதற்காக, மாலை போட்ட நாளிலிருந்தே அவள் செருப்பைத் தொடவில்லை. கடைக்கும் வெறுங்கால், ரேஷனுக்கும் வெறுங்கால். அவளுக்குச் சர்க்கரை உண்டு. அவள் அக்காவுக்கும் அதே சர்க்கரைதான். புண் வைத்து, அழுகி, கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதனால் கிளம்பும்போது சூடம் கொளுத்தி நான் ஒன்றே ஒன்றுதான் வேண்டினேன்: "முருகா, இவ ரெண்டு காலோட வீடு திரும்பணும்."

ரோட்டைப் பற்றி என்னத்தைச் சொல்ல! அன்னதானம் போடுகிறவர்கள் மனசாரப் போடுகிறார்கள், அவர்கள் நன்றாக இருக்கட்டும். தின்றுவிட்டு நின்ற இடத்திலேயே தட்டை வீசுகிறார்களே, அவர்களை என்ன செய்வது? புளியோதரையும் தயிர்சாதமும் வெயிலில் நொதித்து, ஆயிரம் கால் மிதித்து, என் விரலிடுக்கில் பிதுங்கியது. மரத்துக்கு மரம் ஆண்கள் திரும்பி நின்றார்கள். "அரோகரா" என்று கத்திய வாயாலேயே ஒருத்தன் பாக்கைத் துப்பினான், என் சேலையில் தெறித்தது. ச்சீ! ரெட்டியார்சத்திரம் தாண்டுவதற்குள் நான் வாந்தி எடுத்து ஓய்ந்துவிட்டேன். தங்கிய மண்டபத்துக் கக்கூஸைப் பற்றி எழுதினால் இதை அச்சுப் போட மாட்டார்கள்.

மல்லிகாவோ கால் கொப்புளத்தோடு "ஐயோ, அம்மா" என்று நொண்டிக்கொண்டு வந்தாள். ராசாத்தி மட்டும் கொதிக்கிற தாரில் விறுவிறுவென்று நடந்தாள்.

"எனக்கு வலிக்கவே இல்லடி. முருகன் தூக்கிட்டுப் போறான்" என்றாள்.

அவள் வலது காலில் மஞ்சள் துணி சுற்றியிருந்தது. கேட்டதற்கு, "விரதத்துல சின்னதா முள்ளு குத்திருச்சு. மஞ்சளும் துன்னூறும் வச்சுக் கட்டியிருக்கேன்" என்றாள். எங்களுக்கு அது போதுமாக இருந்தது. மல்லிகா ஒவ்வொரு பந்தலிலும் இவள் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். கேட்ட பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்கும் மெய் சிலிர்த்தது, பொறாமையாகவும் இருந்தது. தெம்பு அவளுக்கு, குமட்டல் எனக்கா?

ஒட்டன்சத்திரம் மார்க்கெட் பக்கம் வந்தபோது அழுகின தக்காளி, முட்டைக்கோஸ் நாற்றம். என்னால் முடியவில்லை. நடுரோட்டில் நின்று சண்டையே போட்டேன். "உன்னையப் பாக்கத்தானே முருகா வாரேன்? இந்த மூக்க நீயே எடுத்துக்கோ. இல்லாட்டி நான் வீட்டுக்குப் போறேன்."

அவன் எடுத்துக்கொள்ளவில்லை.

ஊரைத் தாண்டி ஒரு பந்தலில் உட்கார்ந்தோம். மல்லிகா கதையைச் சொன்னதும் கரூர்ப் பக்கத்துப் பெண்கள் சிலர் ராசாத்தியின் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். மல்லிகா என் முதுகில் தட்டினாள்.

"நீயும் கும்பிடுடி மூக்கம்மா. அப்பவாச்சும் உன் குமட்டல் நிக்குதான்னு பாப்போம்."

சரி என்று குனிந்தேன். மஞ்சள் வாசனை. அதற்கடியில் இன்னொன்று.

தட்டும் தயிர்சாதமும் அந்த மாதிரி நாறாது. ராசாத்தியின் அக்காவைப் பார்க்க ஆஸ்பத்திரி வார்டுக்குப் போனபோது அடித்த நாற்றம் அது. அன்றைக்கு நான் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினேன். பிறகு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

"ராசாத்தி, துணிய அவுழு."

"எதுக்கு?"

"நாறுதுடி. உங்கக்கா கால் மாதிரியே நாறுது."

அவள் முகம் சிவந்துவிட்டது. "உனக்கு எதுதான் நாறல? ரோடு நாறுது, சோறு நாறுது, இப்ப சாமி காரியமும் நாறுதாக்கும்? மலை ஏறித்தான் அவிழ்ப்பேன்." மல்லிகாவும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டாள். கரூர்ப் பெண்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். வழியெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தவள் சொன்னால் யார் நம்புவார்கள்?

நான் அவிழ்த்தால்தான் உண்டு. அதற்குக் கிட்டே போக வேண்டும், தொட வேண்டும். நினைக்கும்போதே வயிறு தொண்டைக்கு வந்தது. கண்ணை மூடினேன். "முருகா, மூக்கு இருந்துட்டுப் போகட்டும். செத்த நேரம் என் வயித்தப் பிடிச்சுக்கோ, அது போதும்."

அவள் காலை இழுத்து மடியில் வைத்து அமுக்கிக்கொண்டேன். உதறினாள், திட்டினாள். நான் விடவில்லை. உள் சுற்று ஈரமாக, வழவழவென்று கையில் ஒட்டியது. கடைசிச் சுற்று தோலோடு உரிந்து வந்தது. சுண்டுவிரல் கறுத்துப் போயிருந்தது. பாதத்தில் ஒரு குழி, அதில் பச்சையும் மஞ்சளுமாகச் சீழ். அதற்கு நடுவில் கருவேல முள்ளின் நுனி நீட்டிக்கொண்டிருந்தது. ஈ வந்து உட்கார்ந்தது.

மல்லிகா பந்தலுக்கு வெளியே ஓடி வாந்தி எடுத்தாள். எனக்கு ஒன்றுமே செய்யவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். அந்தச் சீழ் கையோடு அவள் காலைப் பிடித்துக்கொண்டு, "யாராச்சும் ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க" என்று நான்தான் கத்திக்கொண்டிருந்தேன்.

ராசாத்தி தன் காலையே பார்த்தாள்.

"எனக்கு வலிக்கவே இல்லையேடி" என்றாள்.

வழியெல்லாம் பெருமையாகச் சொன்ன அதே பேச்சுதான். இப்போது அதைச் சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா திட்டித் தீர்த்தார். சர்க்கரையில் கால் மரத்துப் போனால் முள் உள்ளேயே நின்றாலும் தெரியாதாம், தார் சுட்டாலும் தெரியாதாம். "இதப் போயி சாமி அருள்னு கும்பிட்டிருக்கீங்களேம்மா! பழனிக்குப் போயிட்டு வந்து காமிச்சிருந்தா முழங்கால் வரைக்கும் எடுக்க வேண்டியிருந்திருக்கும்" என்றார். சுண்டுவிரல் போனது. கால் தப்பியது.

இந்த வருஷம் நாங்கள் பழனிக்கு பஸ்ஸில் போனோம். ராசாத்தி சர்க்கரைக்காரர்களுக்கான எம்.சி.ஆர். செருப்புப் போட்டுக்கொண்டு, பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு, தன் இரண்டு காலிலும் நின்று, மலைக்கு மேலே ஏற்றிப் போகும் வின்ச் வரிசையில் காத்திருந்தாள். சந்நிதியில் நான் எதுவும் கேட்கவில்லை. நின்று அழுதேன், அவ்வளவுதான். போன வருஷம் நடுரோட்டில் நான் கேட்டதை அவன் கொடுத்திருந்தால் அவள் கால் என்னாகியிருக்கும்!

என் மூக்கைப் போல உங்களுக்கும் வேண்டாதது ஒன்று இருக்கும். எடுத்துக்கொள் என்று அழுதும் அவன் எடுத்துக்கொள்ளாமல் விட்டிருப்பான். அவனை நம்புங்கள், கொஞ்சம் பொறுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் அவனை நம்பிக்கொண்டே தினம் பாதத்தையும் பாருங்கள், துணி கட்டியிருந்தால் அவிழ்த்துப் பாருங்கள். அப்புறம், கோடிப் புண்ணியமாகப் போகும், தின்ற தட்டைத் தொட்டியில் போடுங்கள். குமட்டல் எனக்கு இன்னும் போகவில்லை.

சாயங்காலமானால் ராசாத்தி என் வாசலுக்கு வந்து காலை நீட்டி உட்காருவாள். "மோந்து பாருடி மூக்கம்மா" என்பாள். நான் முகம் சுளித்துக்கொண்டேதான் குனிகிறேன். தேங்காய் எண்ணெய் வாசனை மட்டும் வருகிறது.